தண்ணீர் மட்டும் போதுமா? வெப்பமண்டல ஆறும் அதன் மீன்களும்

கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்று கெண்டைகளையும் குளத்தில் விட்டுத் தீனி போட்டால் நன்றாகக் கொழுக்கும். பருவம் வந்ததும் பெண் மீனின் வயிற்றில் சினை நிறையும். ஆனால் முட்டை மட்டும் இடாது. கொஞ்ச நாளில் அந்தச் சினை உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். குளத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, தீனிக்குக் குறைவில்லை, துணைக்கும் குறைவில்லை. இருந்தும் ஏதோ ஒன்று இல்லை என்று மீனுக்குத் தெரிகிறது.

இதனால்தான் இந்திய மீன் வளர்ப்பாளர்கள் வெகுகாலம் ஆற்றில் வெள்ளம் வரும்வரை காத்திருந்து, நீரோடு மிதந்து வரும் முட்டைகளையும் குஞ்சுகளையும் வலையில் அரித்தெடுத்துக் குளங்களில் விட்டார்கள். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரியும் உடன் பணியாற்றியவர்களும் வேறொரு வழியைக் கண்டார்கள். இன்னொரு மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியில் ஏற்றிச் செலுத்தியதும் கெண்டைகள் குளத்திலேயே முட்டையிட்டன. இந்தியாவில் அந்த நாளைத் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த ஊசி எதற்குப் பதிலாக வேலை செய்தது? வெள்ளத்துக்குப் பதிலாக. ஆற்றில் நீர் ஏறும்போது ஓட்டம் வேகமாகும், மழைநீர் கலந்து குளிரும், நிறம் கலங்கும், கரையோரப் புல்வெளி முழுகும். இத்தனையும் சேர்ந்துதான் கெண்டைக்கு 'இப்போது இடு' என்று சொல்கின்றன. ஊசி அந்தச் சொல்லை நேராக ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒரு வெப்பமண்டல ஆற்றின் மீன் வளத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வாசல் எனக்குத் தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். மீனுக்கு அது பாதிக் கேள்விதான். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எப்போது ஏறுகிறது, எப்போது வடிகிறது, அடியில் கிடப்பது கல்லா மணலா சருகா என்பதெல்லாம் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை நாம் அழித்தால், நீர் நிறைந்த ஆற்றிலேயே மீன்கள் அற்றுப்போகும். அது நம் காலத்தில் நடந்துகொண்டும் இருக்கிறது.

இத்தனை மீன் எப்படி?

உலகில் உள்ள மொத்த நீரில் ஆறு, ஏரி, சதுப்பு நிலங்களில் இருப்பது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் இதுவரை பெயரிடப்பட்ட மீன் இனங்களில் பாதி, அதாவது 18,000க்கு மேற்பட்டவை, இந்தத் துளி நீரில் வாழ்கின்றன. அதிலும் பெரும்பங்கு வெப்பமண்டலத்தில் இருக்கிறது. ஐரோப்பா முழுவதையும் சலித்தாலும் நன்னீர் மீன் இனங்கள் 550 அளவில்தான் தேறும். அமேசானும் அதன் கிளையாறுகளும் பாயும் பரப்பில் மட்டும் 2,400க்கு மேல். ஆப்பிரிக்காவின் காங்கோ, தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆகிய இரண்டு ஆறுகளின் பரப்பிலும் தலைக்கு ஆயிரத்துக்கும் மேல். பரப்பில் சிறியதான மேற்குத் தொடர்ச்சி மலையில்கூட சுமார் 290 இனங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வேறெங்கும் இல்லாதவை.

காரணங்களில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பனியுகங்களில் வடக்கு ஆறுகள் பல உறைந்து துடைக்கப்பட்டபோது வெப்பமண்டல ஆறுகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருந்தன. ஆண்டு முழுக்க வெயிலும் வெப்பமும் இருப்பதால் உணவு விளைச்சல் நிற்பதில்லை. ஆற்றுமீன் கடல்மீனைப் போல நினைத்த இடத்துக்குப் போகவும் முடியாது. ஒரு மலைமுகடோ ஓர் அருவியோ குறுக்கே வந்தால் இரண்டு பக்கத்து மீன்களும் காலப்போக்கில் இரண்டு இனங்களாகப் பிரிந்துவிடும்.

ஆனால் இவை மட்டும் போதாது. ஒரே ஆற்றின் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குள் ஐம்பது, அறுபது இனங்கள் சேர்ந்து வாழ்வதை இந்தக் காரணங்கள் விளக்கவில்லை. அதற்கு ஆற்றுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

நம் மொழி இதில் நமக்கு முன்னே போயிருக்கிறது. ஆற்றில் ஆழமான இடம் மடு, கயம், கசம். நீர் சுற்றும் இடம் சுழி. நீரோட்டம் வரிவரியாகக் கோடிழுத்த மணல் அறல். நடுவே மேடாக எழுந்தது திட்டு, அது பெரிதாகி இருபுறமும் நீர் பிரிந்தோடினால் ஆற்றிடைக்குறை. வெள்ளம் ஏறி வடியும் கரையோர வண்டல் நிலம் படுகை. ஆறு கடலைச் சேரும் இடம் கழிமுகம். ஆற்றோடு பழகியவர்கள் அதை ஒரே பொருளாகப் பார்க்கவில்லை என்பதற்கு இந்தச் சொற்களே சான்று. மீனும் அப்படித்தான் பார்க்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு மீன் கூட்டம் இருக்கிறது.

கல்லும் வேகமும்

முதலில் மேட்டில் தொடங்குவோம். கல்லிலும் பாறையிலும் மோதி நீர் நுரைத்து ஓடும் இடத்தில் ஆழம் முழங்கால் அளவுக்கும் குறைவு. பார்ப்பவருக்கு அங்கே மீன் இருக்கும் என்றே தோன்றாது. ஆனால் நீர் உடைந்து காற்றோடு கலப்பதால் ஆக்சிஜன் அங்கேதான் அதிகம். வெப்பமண்டலத்தில் இது பெரிய விஷயம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே வெப்பம் மீனின் உடலைக் கூடுதலாக ஆக்சிஜன் கேட்கவும் வைக்கிறது. வரவு குறைந்து செலவு கூடுகிற இந்த நிலையில் கல்லோட்டம் ஒரு செல்வம். கல்லின் மேல் மெல்லிய பாசி படர்ந்திருக்கும், கல்லுக்கு அடியில் பூச்சிகளின் இளம்புழுக்கள் ஒளிந்திருக்கும். சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை.

அங்கே வாழ ஒரே ஒரு தகுதி வேண்டும்: அடித்துச் செல்லப்படாமல் இருக்க வேண்டும். இந்த ஒரு கணக்குக்கு மூன்று கண்டங்களின் மீன்கள் தனித்தனியாக விடை கண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஆசியாவின் காரா மீன்களுக்குத் தாடையின் கீழ் வட்டமான ஓர் ஒட்டுத்தட்டு இருக்கிறது. மலையோடைகளின் கிளிப்டோதோராக்ஸ் கெளுத்திக்கு நெஞ்சுத் தோலே மடிப்பு மடிப்பாகி ஒட்டும் கருவியாக மாறியிருக்கிறது. மலையோடை அயிரைகளுக்குத் துடுப்புகள் விரிந்து, முழு உடம்பும் கல்லில் பதித்த தட்டுபோல ஆகிவிடும். ஆப்பிரிக்காவில் கைலோகிளானிஸ் கெளுத்திகளுக்கு உதடே உறிஞ்சு கிண்ணம். தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்திகளுக்கும் அப்படியே. மீன் தொட்டிக் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கிறார்களே, அந்தக் குடும்பம்தான். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத மீன்கள் இவை. வேகமான நீரும் வழுக்குப் பாறையும் சேர்ந்து இவற்றை ஒரே சாயலுக்குச் செதுக்கியிருக்கின்றன.

சரி, இப்படிச் செதுக்கப்பட்ட மீன் தேங்கிய நீரில் என்ன செய்யும்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, செத்துப்போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அணைகளைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருவோம்.

மடுவின் இருட்டு

கல்லோட்டம் முடிந்து நீர் அமைதியாகும் இடத்தில் மடு இருக்கும். கோடையில் ஆறு ஒடுங்கும்போது பெரிய மீன்கள் இங்கேதான் அடைக்கலம் புகுகின்றன. ஆற்றின் சேமிப்புக் கிடங்கு என்றே மடுவைச் சொல்லலாம். அடுத்த மழைக்கு முட்டையிடப் போகும் தாய்மீன்கள் அத்தனையும் அந்தச் சில குழிகளுக்குள் இருக்கும்.

கம்போடியாவின் வடபகுதியில் மீகாங் ஆற்றில் இப்படிப் பல மடுக்கள் இருக்கின்றன. சிலவற்றின் ஆழம் 80 மீட்டரைத் தொடும். 2022 ஜூனில் அந்தப் பகுதி மீனவர்கள் ஒரு பிரம்மாண்டமான நன்னீர்த் திருக்கையைப் பிடித்தார்கள். எடை 300 கிலோ, வால் நுனிவரை ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளம். இதுவரை எடை போட்டுப் பதிவான நன்னீர் மீன்களில் அதுதான் பெரியது. உடலில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி அதை மீண்டும் ஆற்றிலேயே விட்டார்கள். அந்த உருவம் வாழ்வதற்கு எவ்வளவு ஆழம், எவ்வளவு இரை, எத்தனை ஆண்டு நிம்மதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதி இன்னொரு விசித்திரம். கின்ஷாசாவுக்குக் கீழே ஆறு குறுகிய பள்ளத்தாக்கில் விழுந்தடித்து ஓடுகிறது. சில இடங்களில் ஆழம் 200 மீட்டரைத் தாண்டும். அங்கே கண்ணில்லாத, வெளிறிய ஒரு சிக்லிட் மீன் அவ்வப்போது சாகும் நிலையில் மேலே மிதந்து வரும். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மெலனி ஸ்டியாஸ்னி குழு ஆராய்ந்தபோது அதன் உடலில் வாயுக் குமிழிகள் தெரிந்தன. ஆழத்திலிருந்து நீரோட்டம் அதைத் திடீரென மேலே தூக்கி எறிந்ததால் வந்த கேடு அது. இன்னொன்றையும் கண்டார்கள். அந்த ஆற்றின் நடு ஓட்டம் அவ்வளவு மூர்க்கமானது என்பதால், எதிரெதிர்க் கரைகளில் வாழும் ஒரே மாதிரியான சிறுமீன்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மலைக்குப் பதிலாக நீரோட்டமே சுவராக நிற்கிறது. ஒரே ஆற்றுக்குள், ஒன்றிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில், தனித்தனி மரபு வழிகள் வளர்கின்றன.

அமேசானின் ஆழத்து இருட்டில் கண்ணுக்கு வேலையே இல்லை. அங்கே மின்சாரம்தான் பார்வை. தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய மின்புலத்தை உண்டாக்கி, அதில் ஏற்படும் சிறு மாற்றத்தை வைத்து இரையையும் துணையையும் அறியும் மீன்கள் அங்கே ஏராளம். 1990களில் ஜான் லண்ட்பெர்க் குழுவினர் அந்த ஆழத்தில் இழுவலை போட்டபோதுதான் இவை எவ்வளவு பெருங்கூட்டம் என்பது தெரியவந்தது. அவற்றில் சில, மற்ற மின்மீன்களின் வாலை மட்டும் கடித்துத் தின்று வாழ்கின்றன. கடிபட்ட வால் மறுபடி வளரும். ஆப்பிரிக்க ஆறுகளிலும் இதே திறமையோடு இன்னொரு மீன் குடும்பம் இருக்கிறது, ஆனால் அது தனியாகத் தோன்றியது.

கரையோரத்தில் விழுந்த மரங்கள், வேர்ச்சிக்கல், சருகுக் குவியல் பற்றியும் ஒரு வார்த்தை. ஆற்றைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று இவற்றை இழுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. காட்டோடையில் சருகுக் குவியலுக்குள் விரலளவு மீன்கள் நூற்றுக்கணக்கில் குடியிருக்கும். உதிர்ந்த இலைபோலவே உருவம் கொண்டு, இலைபோலவே மிதந்து இரை பிடிக்கும் இலைமீன் அங்கேதான் வாழ முடியும். மரத்தையே சுரண்டித் தின்னும் கெளுத்திகளும் உண்டு. நமக்குக் குப்பை, அவற்றுக்கு வீடு.

வெள்ளம் என்னும் விருந்து

இவ்வளவும் ஆற்றின் கரைகளுக்கு உள்ளே இருப்பவை. வெப்பமண்டல ஆற்றின் உண்மையான செல்வம் கரைக்கு வெளியே இருக்கிறது.

அமேசானில் மானாவுஸ் நகர் அருகே ஆண்டுதோறும் நீர்மட்டம் சராசரியாகப் பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது. மூன்று மாடி உயரம். பல மாதங்களுக்குக் காடே நீருக்குள் நிற்கும். 1989இல் வொல்ஃப்காங் யுங்க், பீட்டர் பெய்லி, ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் இதை 'வெள்ளத் துடிப்பு' என்ற கருத்தாக முன்வைத்தார்கள். அதற்கு முன் 1980இல் வந்த புகழ்பெற்ற இன்னொரு கருத்து, ஊற்றிலிருந்து முகத்துவாரம் வரை நீளவாக்கில் மாறிக்கொண்டே போகும் தொடர்ச்சியாக ஆற்றைப் பார்த்தது. யுங்க் குழுவினர் குறுக்குவாக்கில் பார்த்தார்கள். ஆறு பக்கவாட்டில் நிலத்துக்குள் ஏறி, அங்கே விளைந்ததை உண்டு, திரும்பி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கமே பேராறுகளின் உயிர் விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்றார்கள். வெள்ளத்தைப் பேரிடராகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு பெரிய திருப்பம்.

காடு முழுகும்போது மீன்கள் மரங்களுக்கு இடையே நீந்துகின்றன. தம்பாக்கி என்றொரு மீன் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமும் 30 கிலோ எடையும் எட்டக்கூடியது. மனிதக் கடைவாய்ப்பல்லைப் போன்ற பல் அதற்கு. ரப்பர் மரத்தின் கெட்டியான விதை நீரில் 'டுப்' என்று விழுந்ததும் வந்து உடைத்துத் தின்னும். பழங்களை விழுங்கினால் உடையாத விதைகளைச் சில கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விதைக்கும். பறவையும் வௌவாலும் செய்யும் வேலையை அங்கே மீன் செய்கிறது. காடு மீனை வளர்க்கிறது, மீன் காட்டை வளர்க்கிறது. பெரிய தம்பாக்கிகளைப் பிடித்துத் தீர்த்தால் சில மரங்களின் எதிர்காலமும் சேர்ந்து குறைகிறது.

விருந்துக்கு ஒரு விலையும் உண்டு. முழுகிய இலைதழை அழுகும்போது நீரில் ஆக்சிஜன் வற்றிப்போகும். அப்போது தம்பாக்கியின் கீழுதடு வீங்கி முன்னே நீளும். நீரின் மேல்தோலில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் கலந்த மெல்லிய அடுக்கை அந்த உதட்டால் அள்ளி செவுளுக்கு அனுப்பும். நிலைமை சீரானால் வீக்கம் வடிந்துவிடும். அரபைமா என்ற மூன்று மீட்டர் மீன் நேரடியாகக் காற்றையே சுவாசிக்கும். பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாய் நிறையக் காற்றை இழுத்தாக வேண்டும். நம் விரால், பனையேறிக் கெண்டை, சில வகைக் கெளுத்தி போன்றவையும் காற்றைச் சுவாசிக்கத் தெரிந்தவை. தேங்கிய, கலங்கிய, சூடான நீரில் அவை தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அதுதான். ஆப்பிரிக்காவின் மழைக்குட்டைகளில் வாழும் ஒரு கில்லி மீன் இன்னும் ஒரு படி மேலே போய், பிறந்து இரண்டே வாரத்தில் பருவமெய்தி, காயப்போகும் சேற்றுக்குள் முட்டையை விட்டுச் சாகிறது. அடுத்த மழையில் அந்த முட்டை பொரிக்கும்.

மீகாங்கில் வெள்ளம் இன்னும் பெரிய காரியம் ஒன்றைச் செய்கிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகியதும் டோன்லே சாப் என்ற கிளையாறு திசை மாறிப் பின்னோக்கி, அதே பெயர் கொண்ட ஏரிக்குள் ஓடத் தொடங்கும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராக ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஏரி 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டி விரியும். மேலே மடுக்களை விட்டு வந்து முட்டையிட்ட மீன்களின் குஞ்சுகள் அந்த நீரோடு மிதந்து வந்து, முழுகிய காட்டுக்குள் பரவி வளரும். நீர் வடியும்போது கோடிக்கணக்கில் ஆற்றுக்குத் திரும்பும். கீழ் மீகாங் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் இருபது லட்சம் டன் மீன் பிடிபடுவதற்கு அடித்தளம் இந்த ஏற்ற இறக்கம்தான். மடு, ஓட்டம், முழுகிய காடு மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் இது நடக்கும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

மூன்று நிறத் தண்ணீர்

தண்ணீரே எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அமேசானில் இதை முதலில் தெளிவாக எழுதியவர் இங்கிலாந்தின் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். ஆன்டீஸ் மலையின் வண்டலைச் சுமந்து கலங்கி வருவது வெள்ளை நீர். மணற்காட்டின் சருகுச் சாறு இறங்கி, தேநீர் நிறத்தில், அமிலத்தன்மையோடு வருவது கருப்பு நீர். பழைய பாறை நிலத்திலிருந்து தெளிந்து வருவது தெள்ளிய நீர். வண்டல் நீரில் சத்து அதிகம், மீன் எடையும் அதிகம். ரியோ நெக்ரோ என்ற கிளையாற்றின் கருப்பு நீரில் சத்து மிகக் குறைவு, ஆனால் இன வகை திகைக்க வைக்கும் அளவு அதிகம். நீலமும் சிவப்புமாக மின்னும் கார்டினல் டெட்ரா அங்கிருந்து வந்ததுதான். ரியோ நெக்ரோவும், வெள்ளை நீர் ஓடும் சோலிமோயிஸும் மானாவுஸ் அருகே சேர்ந்தபின் பல கிலோமீட்டருக்குக் கலக்காமல், கருப்பும் பழுப்புமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

வாலஸ் ரியோ நெக்ரோவில் ஆண்டுக்கணக்கில் அலைந்து மீன்களைச் சேகரித்து வரைந்தார். 1852 ஆகஸ்டில் ஊர் திரும்பும் வழியில் நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேகரிப்பு சாம்பலானது. ஒரு தகரப் பெட்டியில் அள்ளிக்கொண்டு உயிர்காப்புப் படகில் ஏறியபோது கையில் மிஞ்சியவற்றில் மீன் ஓவியங்களும் இருந்தன. பென்சிலால் வரைந்த அந்த இருநூற்றுச் சொச்சம் படங்களைப் பார்த்து இன்றும் இனங்களை அடையாளம் காண முடிகிறது.

எங்கே அறுகிறது

அணை கட்டினால் நீர் குறையாது, கூடும் என்பார்கள். மேலே தேங்குவதைப் பார்த்தால் உண்மைதான். ஆனால் முன்பு சொன்ன கல்லொட்டி வாழும் மீன்களுக்கு அந்தத் தேக்கம் ஒரு பாலைவனம். பாறை மேல் சேறு படிகிறது, பாசி மறைகிறது, ஓட்டம் நிற்கிறது. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் வால்டா கிராண்டி என்ற பெருவளைவின் பாறை வெடிப்புகளில் கருப்பு வெள்ளைக் கோடுகளோடு ஒரு சின்னக் கெளுத்தி வாழ்கிறது. வரிக்குதிரைக் கெளுத்தி என்று அதைச் சொல்லலாம். உலகிலேயே அங்கு மட்டும்தான் அது இயற்கையில் உண்டு. பெலோ மோன்டி அணைத் திட்டம் 2016 முதல் அந்த வளைவுக்கு வரவேண்டிய நீரில் பெரும்பகுதியைத் திருப்பி மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. அந்த மீனுக்கு ஒதுங்க இன்னொரு ஆறு இல்லை.

அணைக்குக் கீழே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டல் மேலேயே தங்கிவிடுவதால், தெளிந்து வரும் நீர் கீழேயுள்ள மணலையும் கரையையும் அரிக்கத் தொடங்கும். வெள்ளம் படுகைக்கு ஏறாது. கோடையில் மின்சாரத் தேவைக்காக ஒரே நாளில் நீர் ஏறும், இறங்கும். கரையோரத்தில் இட்ட முட்டை காலையில் நீருக்குள், மாலையில் வெயிலில். வெள்ளத்துக்காகக் காத்திருக்கும் கெண்டைக்கு அந்தச் செய்தி வருவதே இல்லை.

வலசை போகும் மீன்களுக்கு நேர்வது இதைவிடக் கொடுமை. அமேசானின் தங்கக் கெளுத்தி ஆன்டீஸ் அடிவாரத்தில் முட்டையிடும். குஞ்சுகள் ஓட்டத்தோடு மிதந்து கண்டத்தின் மறுகோடியில் உள்ள கழிமுகத்தைச் சேரும். அங்கே வளர்ந்து, மறுபடி மலையடிவாரம்வரை எதிர்நீச்சல் போடும். போகவர 11,600 கிலோமீட்டர்வரை ஆகலாம் என்று 2017இல் கணக்கிட்டார்கள். நன்னீருக்குள்ளேயே முடியும் பயணங்களில் இதுவே உலகின் மிக நீளமானது. அந்தப் பாதையில் மதேரா ஆற்றில் 2010களில் இரண்டு பெரிய அணைகள் எழுந்தன. கங்கையில் ஹில்சாவுக்கும் இதே கதைதான். கடலிலிருந்து ஏறி அலகாபாத் வரை போய்க்கொண்டிருந்த மீன் அது. 1975இல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின் மேல்கங்கையில் அதன் வரத்து ஒடிந்துபோனது. மீன் ஏணி கட்டிவிட்டால் சரியாகும் என்று சொல்கிறார்கள். தாய்மீன் ஏறிப்போனாலும், திரும்பி மிதந்து வரவேண்டிய முட்டையும் குஞ்சும் ஓட்டமில்லாத தேக்கத்தில் அடியில் படிந்து செத்துவிடும் என்பதற்கு எந்த ஏணியும் பதில் சொல்வதில்லை.

அணையைப் பற்றிப் பேசுமளவு மணலைப் பற்றி நாம் பேசுவதில்லை. உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2022ஆம் ஆண்டு மதிப்பீடு. அதில் ஆற்றிலிருந்து அள்ளப்படும் மணல், மணலுக்குள் புதைந்து வாழும் அயிரைக்கும் ஆரலுக்கும் வீடு, சரளையில் முட்டையிடும் மீன்களுக்குப் பிரசவ அறை. அள்ளியபின் ஆற்றின் தரை தாழும். தரை தாழ்ந்தால் அதே அளவு வெள்ளம் வந்தாலும் கரையைத் தாண்டிப் படுகைக்கு ஏறாது. கீழ் மீகாங்கில் இதுவே நடக்கிறது, டோன்லே சாப் பின்னோக்கிப் பாய்வதும் இதனால் பலவீனப்படுகிறது. மடுவும் மேடும் அழிந்து, ஆறு ஒரே சீரான கால்வாயாக மாறுகிறது.

கால்வாய்போல் ஆன ஆற்றில் மீன் இல்லாமலா போகும்? இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் கொண்டுபோகப்பட்ட ஜிலேபிக் கெண்டை இருக்கும், ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கும், தொட்டியிலிருந்து ஆற்றில் கொட்டப்பட்ட டேங்க் கிளீனர் இருக்கும். தேங்கிய, சூடான, அழுக்கான நீரில் எதையும் தின்று பெருகக்கூடியவை இவை. மொத்த எடை முன்பைவிடக் கூடவும் செய்யலாம். அதனால்தான் டன் கணக்கை மட்டும் வைத்து ஓர் ஆற்றின் நலத்தை அளப்பது ஆபத்து என்று நினைக்கிறேன். ஐம்பது இனம் வாழ்ந்த இடத்தில் ஐந்து இனம் நிறைந்திருப்பதை அந்தக் கணக்கு காட்டாது.

ஐந்து இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு வெனிசுவேலாவின் ஆன்டீஸ் அடிவார ஓடை ஒன்றில் நடந்த சோதனை பதில் சொல்கிறது. அங்கே சேற்றையும் மட்கையும் உறிஞ்சித் தின்னும் ஒரு வலசை மீன் உண்டு. பிராட் டெய்லர், அலெக்ஸ் ஃப்ளெக்கர், ராபர்ட் ஹால் ஆகியோர் ஓடையை நீளவாக்கில் தடுப்பு வைத்துப் பிரித்து, ஒரு பக்கத்தில் இந்த மீனை மட்டும் நீக்கினார்கள். மற்ற எல்லா இனங்களும் இருந்தன. இருந்தும் அந்தப் பக்கத்தில் மட்கு குவிந்தது, கரிமம் கீழே செல்லும் வேகமே மாறிப்போனது. 2006இல் வெளியான முடிவு இது. அந்த ஒரு மீன் செய்துவந்த வேலையை வேறு எதுவும் எடுத்துச் செய்யவில்லை.

எண்ணத் தெரிந்தவர்கள்

மதிப்பிடப்பட்ட நன்னீர் மீன் இனங்களில் நாலில் ஒரு பங்கு அழிவின் விளிம்பை நோக்கிப் போகிறது என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2023இல் அறிவித்தது. மீன் விஷயத்தில் கணக்கெடுப்பதே பெரும்பாடு. பகலில் போட்ட வலையில் விழாதது இரவில் விழும். வீச்சு வலைக்குச் சிக்குவது செவுள் வலைக்குச் சிக்காது. கல்லுக்கு அடியில் ஒட்டியிருப்பது இரண்டுக்கும் சிக்காது. மடுவில் மட்டும் தேடியவர் கையில் உள்ள பட்டியலையும் கல்லோட்டத்தில் தேடியவர் கையில் உள்ளதையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு ஆறுகள் என்று தோன்றும். இப்போது ஒரு குவளை ஆற்றுநீரில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்தே அங்கு எந்த இனங்கள் இருந்தன என்று அறியும் முறை வந்திருக்கிறது. நல்ல உதவிதான். ஆனால் கீழ்நீரில் எடுத்த குவளையில் மேல்நீர் மீனின் தடமும் கலந்திருக்கும் என்பதால், எந்த மீன் எந்த மடுவில் வாழ்கிறது என்று சொல்ல இன்னும் ஆற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆற்றில் இறங்கி வாழ்பவர்களிடம் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. 1990களில் தெற்கு லாவோஸின் ஊர்கள் பல, தங்கள் எல்லைக்குள் வரும் மீகாங் மடுக்களில் மீன் பிடிக்கக் கூடாது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தன. எந்த மடுவை விட்டால் எந்த மீன் பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரேசிலில் அமேசான் கரையோரம் உள்ள மாமிராவா பகுதியில் நடந்தது இன்னும் நம்பிக்கை தருகிறது. அளவுக்கு மீறிப் பிடித்ததால் அரபைமா அருகிப்போயிருந்தது. அங்கிருந்த மீனவர்களுக்கு ஒரு திறமை: நீர்ப்பரப்பில் மீன் காற்றிழுக்க வரும் அந்த ஒரு நொடியை வைத்து, எத்தனை மீன், என்ன அளவு என்று எண்ணிவிடுவார்கள். படகில் அசையாமல் இருபது நிமிடம் உட்கார்ந்து எண்ணும் அந்தக் கணக்கை, மீனைப் பிடித்து அடையாளமிட்டு எடுத்த கணக்கோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் நம்பகமானது என்று ஏற்றுக்கொண்டார்கள். 1999 முதல் அந்த எண்ணிக்கையை வைத்தே அனுமதி வழங்கப்படுகிறது. வளர்ந்த மீன்களில் 30 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, மீதி அடுத்த ஆண்டுக்கு. ஏரிகளை ஊர்க்காரர்களே முறை வைத்துக் காவல் காக்கிறார்கள். அரபைமாவின் எண்ணிக்கை பல மடங்கு திரும்பியிருக்கிறது.

எண்ணுவது வெள்ளம் வடிந்து மீன்கள் ஏரிகளுக்குள் ஒடுங்கியிருக்கும் பருவத்தில். அப்புறம் நீர் ஏறும், ஏரிகள் ஒன்றோடொன்று சேரும், மீன்கள் முழுகிய காட்டுக்குள் பரவிக் குஞ்சுகளை வளர்க்கும். ஏரியைக் காக்க அந்த ஊர்களால் முடிகிறது. நீர் ஏறுவது மட்டும் அவர்கள் கையில் இல்லை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஆன்டீஸ் பக்கத்தில் எந்தக் கிளையாற்றில் எங்கே அணை எழும் என்று முடிவு செய்பவர்கள் கையில் இருக்கிறது.